தொட்ட பிறகு கூப்பிடு

786

சிதம்பரம்
12-8-1962

மச்சான் சின்னதம்பிக்கு குலாம் முகம்மது எழுதிக்கொண்டது.

நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. உன் அம்மா எங்கள் வீட்டு வாசலில் மீன் கூடையை இறக்கிவைத்து, மூன்று வேளைக்கும் ஆறு வேளைச் சோறு தின்கிறாய் என்று என் உம்மாவிடம் புலம்பினாளாம். உம்மா கடிதத்தில் சொல்லியிருக்கிறாள். சுகத்துக்குக் குறைவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

காலேஜில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. படிப்பு போகிறபடி போகிறது. குளத்தைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஐம்பது மீட்டர் நீளம். உள்ளே இறங்கி நின்றால் கால் விரல் பத்தும் தெரிகிறது. நம் உப்பனாற்றில் பத்து வருஷம் நீந்தியும் என் காலை நான் பார்த்ததே இல்லை. அடியில் கறுப்புக் கோடு போட்டிருக்கிறார்கள், அதன் மேலேயே போக வேண்டும். முதல் நாள் வாயில் போன தண்ணீரில் உப்பு இல்லாமல் எனக்குக் குமட்டிவிட்டது.

பயிற்சி கொடுப்பவர் மணவாளன் சார். போன மாதம் நம் படகுத்துறைக்கு வந்து, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு உன்னை இரண்டு தடவை நீந்தவிட்டாரே, அவர்தான். ஆற்றிலேயே இந்த வேகம் என்றால் குளத்தில் என்ன செய்வான் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தென்னார்க்காடு ஜில்லாவுக்காக நாலு பேர் ரிலே நீந்தப் போகிறோம். ஆளுக்கு நூறு மீட்டர். முதலில் நடனசபாபதி, பிறகு வைத்திலிங்கம், இரண்டு பேரும் இந்த ஊர். மூன்றாவது நான். கடைசியில் நீ. நோன்புப் பெருநாள் முடிந்ததும் மெட்ராஸில் மாநிலப் போட்டி.

இன்னொன்றையும் கேள். இங்கே குளத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை எடுக்கப் போகிறார்கள். நிரந்தர வேலை. மாநில அணிக்குத் தேர்வாகிறவனாக இருந்தால் தன்னால் பேசி வாங்கித் தர முடியும் என்று சார் உன்னை மனசில் வைத்துத்தான் சொன்னார்.

ஒரே ஒரு சங்கடம். நாம் ஆற்றில் பழகியபடி, அடுத்தவனைக் குதிக்கச் சொல்லி "ஓய்" என்று கூப்பிடக் கூடாதாம். வருகிறவன் கை சுவரைத் தொடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் அடுத்தவன் குதிக்க வேண்டும். முந்திக் குதித்தால் நாலு பேரும் வெளியே. குரலை நம்பினால் மோசம் போவோம் என்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

குலாம்


எல்லையம்மன் துணை

சோனங்குப்பம், கடலூர் முதுநகர்
21-8-1962

மாப்ளே குலாமுக்கு சின்னதம்பி.

காலேஜ் தண்ணியில் உப்பு இல்லை என்று கவலைப்படுகிற முதல் ஆள் நீதான். ஊருக்கு வரும்போது சொல், ஒரு பொட்டலம் கட்டித் தருகிறேன்.

வேலை விஷயத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லித் தொலைத்துவிட்டேன். அண்ணன் முகத்துவாரத்தில் மூழ்கிப் போனதிலிருந்து நான் கட்டுமரம் ஏறினால் அவள் கரையிலேயே உட்கார்ந்திருப்பாள், கூடையைக்கூடத் தூக்க மாட்டாள். நிரந்தர வேலை, அதுவும் தரையில் என்றதும் குப்பம் முழுக்க முரசு அடித்தாயிற்று. மார்க்கெட்டில் மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், எம்புள்ள சிதம்பரத்துக்குப் போவப்போறான் என்கிறாளாம். என் தங்கச்சி லோகநாயகி, சிதம்பரத்தில் நடராசரையும் நீதான் குளிப்பாட்டப் போறியா என்று கேலி செய்கிறாள். எனக்கு அந்த வேலை வேண்டும் மாப்ளே. அம்மா ஒரு நாளாவது பயமில்லாமல் தூங்க வேண்டும்.

கூப்பிடுகிற விஷயம். சார் பெரியவர், அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் என் காலுக்கு அது தெரியாது. கட்டுமரத்தில் ஒருத்தன் சிக்கின வலையை எடுக்கத் தண்ணிக்குள் இறங்குவான், ஒருத்தன் மேலே நிற்பான். கீழே இருக்கிறவன் "ஓய்" என்றால் மேலே இருக்கிறவன் குதிக்க வேண்டும். ஏன், எதற்கு, எங்கே என்று பார்க்கக் கூடாது. பார்க்கிற நேரத்தில் ஆள் போய்விடும். நாலு வயசிலிருந்து அப்பா எங்களை இதற்கென்றே பழக்கினார். ஆற்றுத் தண்ணியோ கலங்கல், கை தொட்டதா இல்லையா என்று எவனுக்குத் தெரியும்? உன் குரல் கேட்டால் என் கால் தானாகப் போய்விடுகிறது. கண்ணால் பார்த்து, யோசித்து, பிறகு குதி என்றால் அரை ஆள் தூரம் பிந்திப்போவேன்.

நீ கூப்பிடு. சாருக்குக் கேட்காதபடி கூப்பிடு. நான் உன் குரலுக்குத்தான் குதிப்பேன்.

சின்னதம்பி


786

சிதம்பரம்
20-1-1963

மச்சானுக்கு,

ஐந்து மாதமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். சரி, கூப்பிடுகிறேன். ஆனால் அது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். சாருக்குத் தெரிந்தால் அப்போதே என்னை அணியிலிருந்து எடுத்துவிடுவார். கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

ஆற்றில் ஒரு விஷயத்தை நாம் கவனித்ததே இல்லை. ஆற்று நடுவில் நட்ட கம்பைச் சுற்றித் திரும்பி வரும்போது கடல் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு கை வீச்சு பாக்கி இருக்கும்போதே நான் மூச்சு வாங்கத் தலையைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவேன். மிச்சத் தூரத்தைத் தண்ணீரே தள்ளிக் கொண்டுவந்து துறையில் சேர்த்துவிடும். நீ குதிப்பதும் என் கை படுவதும் சரியாக இருக்கும். குளத்தில் யாரும் தள்ளுவதில்லை. கடைசிக் கையையும் நாமே போட வேண்டும். அந்தப் பழக்கத்தை விடுவதற்குத் தினமும் மெனக்கெடுகிறேன்.

அடுத்த வாரம் நோன்பு தொடங்குகிறது. நோன்போடு குளத்தில் இறங்கினால் தண்ணீர் வாய்க்குள் போய்விடும். அதனால் நோன்பு திறந்த பிறகு கொஞ்ச நேரம்தான் பயிற்சி. பெருநாளுக்கு நாலாம் நாள் போட்டி. உடம்பு தாங்குமா என்று சார் முகத்தைச் சுளிக்கிறார். தாங்கும்.

பிப்ரவரி கடைசியில் பாசஞ்சரில் வந்துவிடு. குளத்தில் இரண்டு நாள் பழக உனக்கு அனுமதி வாங்கியிருக்கிறார். என் அறையில் தங்கிக்கொள்ளலாம்.

தொட்ட பிறகுதான் கூப்பிடுவேன். இது என் வாக்கு.

குலாம்


சோனங்குப்பம்
14-3-1963

குலாம் முகம்மது அவர்களுக்கு,

மெட்ராஸிலிருந்து வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. உன் கடிதம் வரும் என்று பார்த்தேன். தபால்காரர் என்னைப் பார்த்தாலே இல்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

நாம் முதலாவதாக வந்தோம். வந்து சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கினால், நடுவர் என் மேடையைக் காட்டிக் கொடியை ஆட்டிக்கொண்டிருக்கிறார். நான் குதித்தபோது உன் கை சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்ததாம். இருந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. நான் உன் கையைப் பார்க்கவில்லை, உன் குரலைக் கேட்டேன்.

அதெல்லாம் போகட்டும். தவறிப்போவது யாருக்கும் வரும். உடுப்பு மாற்றுகிற அறையில் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. யாராவது கூப்பிட்டீர்களா என்று மணவாளன் சார் கேட்டார். நீ துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "இல்ல சார், நான் கூப்பிடல" என்றாய். துண்டு உன் முகத்தை மறைத்திருந்தது. துண்டை எடுத்ததும் உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். நீ துண்டை எடுக்கவே இல்லை. சார் என் பக்கம் திரும்பினார். அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னேன். பொறுமை இல்லாத ஆளைக் குளத்துக்கு எப்படி சிபாரிசு செய்வது என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். நடனசபாபதியும் வைத்திலிங்கமும் ரயிலில் என்னோடு பேசவில்லை. நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாய்.

பரிசு வேண்டாம். போட்டியை யாரும் திரும்ப வைக்கப் போவதும் இல்லை. சாருக்கு ஒரு வரி எழுதிப் போடு, கூப்பிட்டது நான்தான் என்று. நேரில் சொல்ல வெட்கமாக இருந்தால் எழுது. வேலைக்கு ஆள் எடுப்பது சித்திரையில் என்று சொன்னாயே, இன்னும் நாள் இருக்கிறது. அம்மா தினமும் கேட்கிறாள். கடுதாசி வரும் என்று அவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சின்னதம்பி


786

சிதம்பரம்
30-3-1963

மச்சான் சின்னதம்பிக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிவிட்டது. பரீட்சை நெருங்குவதால் உடனே எழுத முடியவில்லை.

அன்று அங்கே எவ்வளவு சத்தம் என்று உனக்கே தெரியும். பக்கத்துப் பாதைக்காரர்கள் எல்லோரும் கத்தினார்கள். எனக்கோ கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் கூப்பிட்டேனா, தொட்டுவிட்டுக் கூப்பிட்டேனா, வேறு யாருடைய குரலாவது உனக்கு என் குரலாகக் கேட்டதா, இப்போது யோசித்தால் எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நிச்சயமில்லாத ஒன்றை சாரிடம் எப்படிப் போய்ச் சொல்வது?

தனி நூறு மீட்டரில் நான் இரண்டாவதாக வந்ததை வைத்து மாநில அணிக்கு எடுத்திருக்கிறார்கள். இதை நீ வேறு யார் வாயாலோ கேட்பதைவிட நானே சொல்வது நல்லது என்று எழுதுகிறேன். சந்தோஷப்பட முடியவில்லை. அடுத்த வருஷம் உனக்கும் நிச்சயம் வாய்ப்பு வரும். நான் சாரிடம் சொல்கிறேன். கொஞ்சம் பொறு.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

குலாம்


சோனங்குப்பம்
8-4-1963

குலாம் முகம்மது அவர்களுக்கு,

மெட்ராஸ்காரன் எவனும் "ஓய்" என்று கத்தவில்லை. அது எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்தது. அந்த ஊரில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான்.

நாளை முதல் கடலுக்குப் போகிறேன். லோகநாயகிக்குப் பேசி வைத்திருக்கிற சுப்பராயலு தன் மரத்தில் எனக்கு இடம் தருகிறான். வேலை கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். நான் முந்திக் குதித்துவிட்டேன் என்றேன். "ஏம்பா, கொஞ்சம் பொறுத்துக் குதிச்சிருக்கக் கூடாதா" என்றாள்.

இனி எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

சின்னதம்பி


786

சிதம்பரம்
17-10-1965

சின்னதம்பிக்கு,

எழுதாதே என்றாய். இரண்டரை வருஷம் எழுதாமல் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. இதைப் படிக்காமல் கிழித்தாலும் பரவாயில்லை.

தேசியப் போட்டியில் நம் மாநிலம் நாலு பேர் ரிலேயில் முதலாவதாக வந்திருக்கிறது. போன வருஷம் வெள்ளி, இந்த வருஷம் தங்கம். பேப்பரில் படம் வந்தது, உள்ளே வைத்திருக்கிறேன். இடமிருந்து நாலாவது நான். காலேஜில் மாலை போட்டார்கள். சிதம்பரம் ஸ்டேஷனில் மேளம் வைத்தார்கள். மேலவீதி வழியாக என்னை ஜீப்பில் நிற்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரும் கையைக் குலுக்கினார்கள். ஒவ்வொருவனும் என் கையைப் பிடிக்கும்போதும் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

நான் எப்போதும் கடைசி ஆளாகவே நீந்துகிறேன். முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைசியில் வேகமான ஆளைப் போடுவது வழக்கம், அதனால் எனக்குத் தலைக்கனம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். காரணம் அதில்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. என் கைக்காகவோ குரலுக்காகவோ எவனும் காத்திருக்க வேண்டாம். மேடையில் நிற்கும்போது ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், இது உன் இடம் என்று.

சின்னதம்பி, அன்று நான்

இல்லை. இதை இப்படி எழுத முடியாது. நேரில் பார்க்கும்போது சொல்கிறேன். ஊருக்கு வருகிறபோதெல்லாம் படகுத்துறை வரைக்கும் வருகிறேன், ஆற்றைத் தாண்ட மனம் வரவில்லை. உங்கள் கரை தெரிகிறது. வலை காயப் போட்டிருக்கிறது தெரிகிறது. திரும்பிவிடுகிறேன்.

குலாம்


எல்லையம்மன் துணை

சோனங்குப்பம்
9-5-1966

குலாமுக்கு,

வருகிற 22ஆம் தேதி லோகநாயகிக்கும் சுப்பராயலுவுக்கும் கல்யாணம். உன் உம்மாவை அம்மா நேரில் போய் அழைத்திருக்கிறாள். உன்னை அழைக்கச் சொல்லி என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். அதற்காக எழுதுகிறேன். அழைத்தாயிற்று. நீ வர வேண்டியதில்லை.

நீ அனுப்பின படத்தை நான் கிழிக்கத்தான் எடுத்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, இது நம்ம ஜொஹராம்மா புள்ள, எம்புள்ளகூட ஒண்ணா நீந்தினவன் என்று மீன் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுகிறாள். நாலு நாளில் உன் முகத்தில் மீன் எண்ணெய் ஏறிவிட்டது. நடந்தது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உன் உம்மா பெருநாளுக்குப் பெருநாள் அவளுக்குச் சேலை கொடுக்கிறார்கள். அதைக் கெடுப்பானேன்?

கடைசி ஆளாக நீந்துகிறேன் என்று எழுதியிருந்தாய். இரண்டு தடவை படித்தேன். பாதியில் விட்ட வரியை அதற்கு மேலும் படித்தேன். ஒரு வரியை முடிக்க உனக்கு எத்தனை வருஷம் ஆகுமோ தெரியவில்லை.

சுப்பராயலு தங்கமான ஆள். மூன்று வருஷமாக ஒரே மரத்தில் போகிறோம். அதிகம் பேச மாட்டான். தண்ணியில் இறங்கினால் எனக்குக் கவலை இல்லாமல் இருப்பது அவனிடம்தான். தங்கச்சியைக் கொடுக்கிறேன், இதற்கு மேல் என்ன சொல்ல?

சின்னதம்பி


786

சிதம்பரம்
18-1-1968

மச்சான் சின்னதம்பிக்கு,

சுப்பராயலு போய்விட்ட செய்தியை உம்மா எழுதினாள். மார்கழியில் நடந்ததை எனக்குத் தை மாதத்தில்தான் சொல்கிறாள். லோகநாயகி கழுத்தில் தாலி ஏறி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. என்ன ஆறுதல் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறது?

உம்மா இன்னொன்றும் எழுதியிருக்கிறாள். அவன் தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிட்டபோது, சின்னதம்பி மரத்து மேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான் என்று குப்பத்தில் பேசுகிறார்களாம். பக்கத்து மரத்துக்காரன் பார்த்தானாம். லோகநாயகி உன்னோடு பேசுவதில்லையாம். நான் நம்பவில்லை. கூப்பிட்டால் நிற்கிற கால் உன்னுடையது இல்லை. அது என்னைவிட யாருக்குத் தெரியும்?

பாதியில் விட்ட வரியை முடிக்கிறேன். மெட்ராஸில் கூப்பிட்டது நான்தான். திரும்பி வரும்போது நெஞ்சு அடைத்தது. மூச்சு வாங்கத் தலையைத் திருப்பினேன், ஒரு கை பாக்கி. ஆற்றில் சரியாக அந்த இடத்தில்தான் கூப்பிடுவேன். வாய் தானாகத் திறந்துவிட்டது. கூப்பிட்ட உடனே தெரிந்தது, தண்ணீர் என்னைத் தள்ளவில்லை என்று. நீ என் தலைக்கு மேல் பாய்ந்து போவதையும் பார்த்தேன். கூப்பிட்டது தவறு. இல்லை என்று சாரிடம் சொன்னேனே, அது பாவம். சொன்னால் மாநில அணி போய்விடும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டேன். துண்டுக்குள் நான் அழுதேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். அழுதுகொண்டே பொய் சொன்னேன்.

போன வருஷம் என் வலது தோள் போய்விட்டது. இனி போட்டி கிடையாது. ஐந்து பதக்கம் இருக்கிறது, ஒரு சட்டையைக்கூட என்னால் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கழற்ற முடியாது. இங்கேயே பயிற்சியாளராக வைத்துக்கொண்டார்கள். மணவாளன் சார் ஓய்வு பெறுகிறார். முந்தாநாள் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அஞ்சு வருஷம் கழிச்சு வந்து சொல்றியேப்பா. இத நான் இப்ப எங்க கொண்டு போயி வைக்கிறது?" என்றார். கதவு வரைக்கும் வந்து வழியனுப்புகிறவர், அன்று எழுந்திருக்கவில்லை.

குளத்து ஆள் வேலை மறுபடி காலியாகிறது. உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன், சாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீ சரி என்றால் போதும். உன் அம்மா கேட்டது இதுதானே. வா மச்சான்.

குலாம்


எல்லையம்மன் துணை

சோனங்குப்பம்
11-2-1968

மாப்ளே குலாமுக்கு,

நீ நம்பவில்லை என்று எழுதியிருக்கிறாய். நம்பு. நின்றேன்.

அன்று விடிந்து ஒரு நாழிகை இருக்கும். வாடைக் காற்று. வலை அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. நான் இறங்குகிறேன் என்றேன். உனக்குச் சளி பிடித்திருக்கிறது, நீ இரு மச்சான் என்று சுப்பராயலு இறங்கினான். நான் மேலே நின்றேன். இரண்டு தடவை மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு போனான். மூன்றாம் தடவை, எனக்கு முதுகுப் பக்கத்தில், "ஓய்" என்றான்.

குதித்திருக்க வேண்டும். குரல் வந்த பக்கம் குதிக்க வேண்டும், அவ்வளவுதான். என் கால் போகவில்லை. திரும்பி அவன் கையைத் தேடினேன். கை எங்கே, கை எங்கே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அலை நுரையில் கை தெரியவில்லை. எத்தனை நேரம் என்று கேட்டால், நீ குளத்தில் நாலு கை போடுகிற நேரம். பிறகு குதித்தேன். வலை அவன் காலைச் சுற்றியிருந்தது. நான் அறுத்து எடுத்து மேலே கொண்டுவந்தபோது அவன் கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை.

இது அன்றைக்கு மட்டும் வந்ததில்லை மாப்ளே. மெட்ராஸிலிருந்து வந்த நாள் முதல் அப்படித்தான். யார் கூப்பிட்டாலும் முதலில் கண் தேடுகிறது. பிறகுதான் கால் போகிறது. சுப்பராயலு கூப்பிட்டால் மட்டும் எனக்கு அது வராது என்று நினைத்திருந்தேன். உனக்கே எழுதினேனே, அவனிடம் கவலை இல்லை என்று. அவன் கூப்பிட்டபோதும் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

உன் மேல் கொலைப் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. நின்ற கால் என்னுடையது. ஆனால் அன்றைக்கு முந்திப் போனேன் என்று வெளியே தள்ளினார்கள், இன்றைக்குப் பிந்திப் போனேன் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நடந்தது என்ன என்று உனக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

லோகநாயகி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஐம்பது நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவுக்குத் தட்டு வைக்கிறாள், எனக்கு வைப்பதில்லை. நான் அவளிடம் என்ன சொல்ல? சளி என்று சொல்லவா? அவள் மனசில் ஓடுவது என்ன என்று எனக்குத் தெரியும். மரம் என் கைக்கு வர வேண்டும் என்று நான் நின்றேனோ என்று அவளுக்குச் சந்தேகம். சொந்த அண்ணன் மேல் அப்படி ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு அவள் எப்படிச் சோறு ஆக்குகிறாளோ. நான் வாயைத் திறந்தால் சாக்குச் சொல்வதாகத்தான் ஆகும். ஐந்து வருஷத்துக்கு முந்தின கதையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

குளத்து வேலை வேண்டாம். நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஒரு பிள்ளை முழுகிக் கூப்பிட்டால், முதலில் கையைத் தேடுவேன். அந்த வேலைக்கு நான் லாயக்கில்லை. அன்றைக்கு லாயக்காக இருந்தேன்.

மணவாளன் சாரிடம் சொன்னாய், சரி. அவருக்குச் சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றும் இல்லை. நீ சொல்ல வேண்டிய இடம் இங்கே இருக்கிறது. இந்தத் தடவை துறையோடு திரும்பாதே. ஆற்றைத் தாண்டி வா. லோகநாயகி முன்னால் நின்று, எங்கள் அம்மாவும் கேட்கும்படி, சாரிடம் சொன்னதை அப்படியே சொல். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று இத்தனை நாள் பொத்தி வைத்தேன். இனி முடியாது. அவள் சுருக்குப்பையில் இருக்கிற படம் போனால் போகட்டும்.

சின்னதம்பி


786

சிதம்பரம்
27-2-1968

மச்சானுக்கு,

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் அக்கரைக்கு வந்துவிடுவேன். எதிரே வந்து நிற்க வேண்டாம். வீடு எனக்குத் தெரியும்.

குலாம்


சோனங்குப்பம்
5-3-1968

குலாமுக்கு,

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். தெரிந்துகொள்ள நினைப்பாய்.

அம்மா சுருக்குப்பையை அவிழ்த்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். படத்தை விரித்து, உன் முகத்தை விட்டுவிட்டு, உன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். பொறுத்துக் குதித்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு என்னைக் கேட்டதை நினைத்திருப்பாள் போல. "நாங்கூட உன்னயே கேட்டேனேப்பா" என்று சொல்லி அழுதாள்.

லோகநாயகி நீ பேசி முடிக்கிறவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதை நீயே பார்த்தாய். நீ அழுதாய், அவள் அழவில்லை. நீ போனதும் உள்ளே போனாள். ராத்திரி சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைத்தாள். என்னிடம் பேசவில்லை. இன்னும் பேசவில்லை. ஆனால் தட்டு வைக்கிறாள்.

அன்று நீ படகில் ஏறி உட்கார்ந்ததும், நான் கரையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, பழைய நாள் மாதிரி "ஓய்" என்று கூப்பிட்டாய். சிரிக்கத்தான் கூப்பிட்டாய், எனக்குத் தெரியும். உன் குரல்தான் என்றும் தெரியும், ஐந்து வருஷத்தில் அது மாறவில்லை. ஆனாலும் நான் முதலில் உன் கையைத்தான் பார்த்தேன். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

சின்னதம்பி